வயலட் அக்கா பன்னு

அதை வேற யாரு கேக்கப் போறா. என் வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான், அதையும் என்னிடம் சொல்லவில்லை, துவைகல் பக்கம் நின்றுகொண்டு போனில் அவர் கூட்டாளி ஆசீரிடம் சொன்னார். நான் உள்ளே பேரீச்சம்பழம் அரைத்துக்கொண்டிருந்தேன், மிக்சி சத்தத்தில் இவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்திருப்பார், நான் என்னடாவென்றால் அந்த நேரம் பார்த்து மிக்சியை நிறுத்தித் தொலைத்தேன். இன்னும் இரண்டு சுற்று ஓட விட்டிருக்கலாம். பழம் சரியாக மசியவும் இல்லை. ஓட விட்டிருந்தால் இந்நேரம் ஞானப்பாட்டு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு மாவைப் பிசைந்துகொண்டிருப்பேன், பட்டுச்சேலையில் எதைக் கட்டுவது என்பதுதான் பெரிய கவலையாக இருந்திருக்கும். இப்போது மாவுக்குள் கிடக்கிற கை அப்படியே நிற்கிறது. "ஏலத்துல ஒரேடியா ஏத்திக் கேட்டு முடிச்சிராதடே ஆசீரு. மொதல்ல நான் கேக்கேன், நீ ஏத்து, பொறவு நான், பொறவு நீ. நாலு பேருக்கு முன்னால அவளுக்கு ஒரு சந்தோசம், பாத்துக்க. டின்னை எப்பவும் போல கடையில குடுத்துரு. அதை வேற யாரு கேக்கப் போறா." எப்பவும் போல. இந்த எப்பவும் போல என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தடவை என்றால் ஏதோ இந்த வருசம் ஆள் குறைவு என்று நினைத்துக்கொள்ளலாம். எப்பவும் என்றால் போன வருசமும்தானே, அதற்கு முந்தின வருசமும்தானே.

வெண்ணெய் இளகிவிடும், கையை எடு வயலட். விரல் நுனியால்தான் உதிர்க்க வேண்டும், உள்ளங்கை பட்டால் சூடு ஏறி மாவு இறுகிவிடும் என்று மகள் ஷீபா சொல்லியிருக்கிறாள். எனக்கு உள்ளங்கை மட்டும் இல்லை, காது, கழுத்து, எல்லாம் சுடுகிறது. தனியாக நின்றுகொண்டு யாருக்கு வெட்கப்படுகிறேன், அடுப்புக்கா? ஷீபா அயர்லாந்தில் நர்ஸ். அவள் லீவுக்கு வந்த வருசம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் கோயிலில் அன்றைக்கு ஆளாளுக்கு வீட்டில் விளைந்ததையோ செய்ததையோ கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள், வாழைத்தார், பூசணிக்காய், சேவல், முறுக்கு, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் விடுகிற எபனேசர் சார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். அம்மா, இந்தத் தடவை நாம ஸ்கோன் செய்வோம் என்று ஷீபாதான் ஆரம்பித்தாள், வெண்ணெய் போட்டு ஓவனில் சுடுகிற அந்த ஊர்ப் பலகாரம். அவள் கொண்டுவந்த ஓவன், மாவு உப்புவதற்கு அவள் டின்னில் கொண்டுவந்த பவுடர். உள்ளே வைக்கிற பழம் மட்டும் என் கைவேலை, பேரீச்சையும் கிஸ்மிஸும் கொஞ்சம் அன்னாசியும் கருப்பட்டிப்பாகில் சுண்ட வைத்தது. காணிக்கைக்கு ஒரு டின்னில் அடுக்கியது போக அவள் எனக்கென்று ஒன்று தந்தாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று பாதிதான் தின்றேன். பஞ்சு மாதிரி இருந்தது. அந்த வருசம் ஏலத்தில் ஆஸ்பத்திரி டாக்டரும் எங்கள் சபை ஞானசுந்தரி வீட்டுக்காரரும் போட்டி போட்டார்கள், பாருங்கள், அது நிஜம். அதில் என் வீட்டுக்காரர் கோயில்பிள்ளை வாயே திறக்கவில்லை, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு வருசம் நிஜம். அதற்குப் பிறகு வந்த வருசமெல்லாம் அவர் முதல் குரல் கொடுப்பார், ஆசீர் ஏற்றுவார், இவர் விடமாட்டேன் என்று நிற்பார், கடைசியில் ஆசீர் தட்டிக்கொண்டு போவார். நம்ம வீட்டுப் பண்டத்தை நாமளே கேக்கலாமா, ஆளுக என்ன நினைப்பாவ என்று நான் அவர் முழங்கையில் கிள்ளுவேன். பெருமையில் கிள்ளினேன். ஐயோ, எவ்வளவு பெருமையில் கிள்ளினேன். சுற்றி நின்றவர்கள் அதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்.

அத்தனை பேருக்கும் தெரியும் என்றால்? எபனேசர் சாருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் என் டின்னைத் தூக்கும்போது மட்டும், இதோ நம்ம வயலட் அக்கா பன்னு என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவார், கூட்டம் சிரிக்கும். சார், அது பன்னு இல்ல, ஸ்கோன் என்று நான் கூட்டத்துக்குள் இருந்தே திருத்துவேன். அதற்கும் சிரிப்பார்கள். அன்பாகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். உருட்டியதைத் தட்டி, டம்ளர் விளிம்பால் வட்டம் வெட்டி, ஒரு வட்டத்தில் பழம் வைத்து இன்னொரு வட்டத்தால் மூடி ஓரத்தை அமுக்க வேண்டும். கை தானாகச் செய்கிறது. ஞானசுந்தரி இதே கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் போன வருசம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் செய்துகாட்டினேன், யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன், நான் எல்லாருக்கும் சொல்லித் தருகிறேன் என்று. மேசைக்கு மேல் வெள்ளைத் துணி விரித்து, ஓவனை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய். ஞானசுந்தரி முன் வரிசையில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அதிகம் பேச மாட்டாள். நான் கரண்டியில் பவுடரை அள்ளினதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அவ்வளவுமா போடணும்?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன்? இது நீங்க சுடுத ஆப்பம் இல்லம்மா, இதுக்கு அளவே வேற. அப்படிச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. அவரவர் மடியில் கிடந்த பைபிளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அன்றைக்குச் சுட்டதை எல்லாரும் தாளில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், பிள்ளைகளுக்குக் குடுக்கணும்கா என்று. இங்கேயே சாப்பிடுங்க என்று நான் எத்தனை தடவை சொன்னேன். ஒருத்திகூட வாயில் வைக்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை, இப்போது மாவு வெட்டுகிற நேரத்தில் வந்து உறைக்கிறது.

முட்டையை அடித்து மேலே தடவி ஓவனுக்குள் வைத்தாயிற்று. முட்டை தடவினால்தான் பளபளப்பு. கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சம், அதற்குள் பன்னிரண்டும் வரிசையாக இருக்கின்றன, எனக்குக் கீழே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருக்கிறது, முழங்கால் வலி என்பதால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏன் யாரும் கேட்க மாட்டார்கள்? என்னைப் பிடிக்காமலா, பண்டம் பிடிக்காமலா? என்னைப் பிடிக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. ஊரில் யாருக்கு யாரைப் பிடிக்கிறது. ஆனாலும் நான் மோசமானவள் இல்லையே, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேனே. வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஞானசுந்தரி ஒரு வருசம் வீட்டு மரத்து முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து பீடத்தடியில் வைத்தாள். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருசம் அது, பலகாரம் சுட அவளுக்கு நேரம் ஏது. நான் பக்கத்தில் நின்றவளிடம், மரத்துல இருந்து பறிச்சா போதும், கை நோகாத காணிக்கை என்றேன். அவள் காதில் விழட்டும் என்று சொல்லவில்லை. விழுந்தால் விழட்டும் என்று சொன்னேன். விழுந்தது. அந்தக் கட்டை எட்டுப் பேர் போட்டி போட்டுக் கேட்டார்கள், எனக்கு அதுவும் வயிற்றெரிச்சல். பிறகு அந்த டின். ஆசீர் வீட்டிலிருந்து டின் ஒவ்வொரு வருசமும் கழுவித் துடைத்துத் திரும்பி வரும், வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கை பொரிகடலை போட்டு வரும். ஆசீர் பெண்டாட்டிக்கு எங்கிருந்து இவ்வளவு பொரிகடலை என்று நினைத்திருக்கிறேன். பொரிகடலை வண்டி எங்கே நிற்கிறது? எங்கள் பாத்திர வாடகைக் கடை வாசலில் நிற்கிறது. என் வீட்டுக்காரரே வாங்கிப் போட்டு, கடையிலேயே டின்னைக் கழுவி, இந்தா ஆசீர் வீட்ல குடுத்துவிட்டாவ என்று என் கையில் தந்திருக்கிறார். கழுவவும் செய்திருக்கிறார், வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவாத மனுசன். அப்படியானால் உள்ளே இருந்ததை என்ன செய்தார்? கால்வாயில் போட்டாரா? கடைக்குப் பின்னால் ஆடு கட்டியிருக்கிற கிழவியிடம் கொடுத்தாரா? என் ஸ்கோனை ஆடு தின்றதா, அது தின்ன மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதா? இந்த நினைப்பில் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண்ணில் தண்ணீரும் வருகிறது, ஓவன் சூடுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசனை வந்துவிட்டது. வெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்து வருகிற வாசனை, இதில் என்ன குறை இருக்க முடியும். திறந்து தட்டை வெளியே இழுத்தேன். நல்ல நிறம். ஷீபா செய்ததைவிட நல்ல நிறம், தேக்குப் பலகை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தலை கனத்துப் போகும், போட்டோ எடுத்து ஷீபாவுக்கு அனுப்புவேன், அவள் சூப்பர் அம்மா என்பாள். ருசி பார்க்க அவளும் இங்கே இல்லை. நானும் பார்த்தது இல்லை. எங்கள் வீட்டில் காணிக்கைக்குச் செய்ததை முதலில் நாக்கில் வைக்க மாட்டோம், ஆண்டவருக்கு எச்சில் பண்டமா என்று. கோயிலுக்கு என்று பன்னிரண்டு செய்வேன், பன்னிரண்டும் டின்னுக்குள் போய்விடும், சர்க்கரைக்காரிக்கு மிச்சம் எதற்கு. அப்படியென்றால் நான் செய்த ஸ்கோனை நானே இன்றுவரை தின்றது இல்லை. இதை இப்போதுதான் யோசிக்கிறேன் என்பதை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா? ஷீபா செய்ததைப் பாதி தின்றேன், அந்த ருசியை என் கணக்கில் எழுதிக்கொண்டு இத்தனை வருசம் நடந்திருக்கிறேன். ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்தேன். ஆண்டவரே, மன்னியும். கை சுட்டது. பிட்டேன். உள்ளே கருகருவென்றிருந்த பழம் ஆவி விட்டது. வாயில் வைத்தேன். முதலில் இனிப்புதான் வந்தது, நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி, சும்மா பயந்தேன் என்று. அதற்குப் பின்னால் அது வந்தது. நாக்கின் இரண்டு ஓரத்திலும், அடி நாக்கிலும், சவுக்காரக் கட்டியை நக்கினதுபோல. துப்பினேன். இந்த ருசி எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் இந்த ருசி தெரியாத பொம்பிளை கிடையாது. ஆப்ப மாவில் சோடா கூடிப்போனால் வருகிற கசப்பு.

ஷீபா போன மறுவருசம், அவள் பவுடர் டின் தீர்ந்துபோய், நான் கடையில் போய்க் கேட்டேன், கேக்குக்குப் போடுவார்களே, உப்பி வருமே, அந்தப் பவுடர் என்று. அதெல்லாம் இதுதாங்க்கா என்று ஆப்ப சோடாப் பொட்டலத்தை எடுத்துப் போட்டான். சரிதான், இதற்குத்தான் அங்கே டின் போட்டு ஆங்கிலத்தில் பேர் எழுதி விற்கிறான் என்று எனக்குள்ளே ஒரு கெட்டிக்காரச் சிரிப்பு. ஷீபா குவித்து ஒரு கரண்டி போட்டாள், நானும் குவித்து ஒரு கரண்டி போட்டேன். வீடு முழுக்கத் தின்கிற ஆப்பத்துக்கு இரண்டு விரலால் கிள்ளிப் போடுகிறவள், அதிலேயும் கூடிப்போச்சோ என்று இரண்டு தடவை யோசிக்கிறவள், இதற்கு மட்டும் கரண்டியில் அள்ளினேன். ஏனென்றால் இது ஆப்பம் இல்லை. இதற்கு அளவே வேற. ஞானசுந்தரிக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கேட்டது கேள்வியே இல்லை, என்னைக் காப்பாற்றக் கை நீட்டியிருக்கிறாள், நான் அந்தக் கையைத் தட்டிவிட்டுவிட்டு ஊரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வருசமெல்லாம் ஆசீர்தான் என்றேனே, இரண்டாவது வருசம் மட்டும் டின்னை ஏலத்தில் எடுத்தது அவள் வீட்டுக்காரர்தான், இப்போது ஞாபகம் வருகிறது. மறுவாரம் கோயில் வாசலில், எப்படி இருந்தது என்று வழிமறித்துக் கேட்டேன். ஆண்டவருக்குப் படைச்சதுல்லாக்கா என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். காணிக்கைப் பண்டத்தைக் குறை சொல்லக் கூடாது, அதனால் அவள் சொல்லவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை, அதற்கு அடுத்த வருசத்திலிருந்து யாரும் கேட்கவும் இல்லை. அவள் முருங்கைக்காயை நான் குறை சொன்னேன். அதுவும் படைத்ததுதான். எனக்கு இந்த அடுக்களையிலேயே எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, அரிசிப் பானைக்குப் பின்னால், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால். இன்றைக்கு அந்த வேப்பமரத்தடியில் நான் எப்படிப் போய் நிற்பேன். எபனேசர் சார் டின்னைத் தூக்குவார், இவர் முதல் குரல் கொடுப்பார், ஆசீர் ஏற்றுவார், சபையே சேர்ந்து எனக்காக நாடகம் போடும், அத்தனை முகத்திலும் அந்த அன்பு இருக்கும். திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது வரும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் முதல் மணி அடித்தது. அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, காப்பி டம்ளரோடு அடுக்களைக்குள் வந்தார். "மணம் தெரு முக்கு வரைக்கும் போகுதுளா," என்றார். எப்பவும் போல. தட்டைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. பிட்ட துண்டு மேடையில் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை, வட்டம் வெட்டின டம்ளர் விளிம்பில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசுவார் என்று நினைத்தேன், பேசினால் சண்டை பிடிக்கலாம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம், அந்தக் கோபத்துக்குள் கொஞ்ச நேரம் ஒண்டிக்கொள்ளலாம். அவரோ ஸ்டூலில் உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். இடது கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பெருவிரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து, அடியில் கருஞ்சிவப்பாக இருந்த தோலை ஒரே இழுப்பில் வட்டமாக உரித்து எடுத்தார். ஒரு துணுக்கு உடையவில்லை, அப்படியே முழுத்தோலாக வந்தது. மிச்சத்தை இரண்டாகப் பிளந்து, பழம் உள்ளே இருக்கும்படி மடக்கி, காப்பியில் முக்கி, சொட்டு விழாமல் டம்ளர் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மெல்லாமல் விழுங்கினார். கால்வாயும் இல்லை, கிழவியின் ஆடும் இல்லை. இந்தக் கைப்பழக்கம் ஒரு நாளில் வருவது இல்லை. கடை மேசைக்குப் பின்னால், யாரும் பார்க்காமல், வருசா வருசம் ஒரு டின் தின்றால்தான் வரும்.

"வச்சிருங்க," என்றேன். "அது கசக்கும்."

"அடியை எடுத்துட்டா அவ்வளவா தெரியாது," என்றார். "உள்ள பழம் நல்லாத்தான் இருக்கு. அது உன் கைவேலைல்லா."

எனக்கு அழுகை வரவில்லை. அழுகிறதற்கும் ஒரு முகம் வேண்டுமே. இரண்டாவதை எடுக்கப் போன அவர் கையைப் பிடித்தேன், தட்டைத் தூக்கி அடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தேன். "ஆசீருக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருங்க," என்றேன். அவர் தலை நிமிரவில்லை. போனில் பேசினது எனக்குக் கேட்டுவிட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, காது மடல் சிவந்தது, தப்பு செய்தது என்னவோ அவர்தான் என்பதுபோல வேட்டி ஓரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். கிணற்றடி முருங்கை அந்த மாசம் நன்றாகக் காய்த்திருந்தது. எட்டின கிளையில் இருந்ததையெல்லாம் அறுத்தேன். எட்டாததை அவர் பின்னாலேயே வந்து வளைத்துப் பிடித்தார், வெள்ளை வேட்டியில் கறை படும் என்று நான் சொல்ல, படட்டும் என்றார். வாழைநாரைக் கிழித்து ஒரு கட்டாகக் கட்டினேன். எனக்குக் கட்டத் தெரியவில்லை, ஒரு பக்கம் சரிந்துகொண்டே போனது. ஞானசுந்தரி கட்டியிருந்த கட்டு எவ்வளவு ஒழுங்காக இருந்தது. இன்றைக்கு இதை அவள் கண் முன்னால்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தடியில் வைக்க வேண்டும். இரண்டாவது மணி அடித்தது.

"இதை யாரு கேக்கப் போறா," என்றேன்.

கோயில்பிள்ளை பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கட்டை என் கையிலிருந்து வாங்கி, அவிழ்த்து, அவரே இறுக்கிக் கட்டினார்.

"இதை எல்லாரும் கேப்பாவ," என்றார்.